வயல் ஏடும் செக்ரோலும்: ஊவாவில் கலைந்த இரண்டு ஊர்கள்

(பெரகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினுவா அச்செபேயின் நாவல் ஒன்று 1958இல் வெளிவந்தது. என்.கே. மகாலிங்கம் அதைச் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழுக்குத் தந்திருக்கிறார். நைஜீரியாவின் இக்போ மக்கள் வெள்ளைக்காரர் வருமுன் எப்படி வாழ்ந்தார்கள், அவர்கள் வந்த பின் அந்த ஊர் எப்படிக் குலைந்தது என்பதுதான் கதை. நம் பிள்ளைகள் அதைப் படித்தால் உடனே தங்களை அந்த ஊராரின் இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். துரை, கங்காணி, லயம் என்று நம்மிடமும் ஒரு கதை இருக்கிறதே. அப்படிப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனாலும் பெரகலைச் சந்தியில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறுகிறது, இன்னொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மேலே தேயிலை. கீழே, பனி விலகினால், வயலும் தோப்புமாகச் சிங்களக் கிராமங்கள். நம்மவர் 'நாடு' என்று சொல்லும் ஊர்கள். அச்செபே எழுதிய ஊருக்கு நேரான ஊர் அந்த நாடுதான். தன் நிலத்தில், தன் வழக்கப்படி, தன் தெய்வங்களோடு இருந்த ஒரு சமூகத்தின் மேல் அந்நிய ஆட்சி வந்து உட்கார்ந்தது அங்கேதான். நம் பாட்டன் பூட்டன் வந்தது அதற்குப் பிறகு. இன்று இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாகவே சொல்லப் போகிறேன். தனித்தனியாகச் சொல்லித்தான் இத்தனை காலமும் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தப்பாகப் படித்திருக்கிறோம்.

கண்டி இராச்சியம் 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தால் பிரித்தானியர் கைக்குப் போனது. பெரிய யுத்தம் செய்து பிடித்த நாடல்ல. பிரதானிகள் கையெழுத்திட்டுக் கொடுத்த நாடு. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க வம்சத்தவன். மறு வருடமே அவனை வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். ஒப்பந்தத்தில் பிரதானிகளின் உரிமையும் பௌத்த சமயத்தின் இடமும் காக்கப்படும் என்று எழுதியிருந்தது. எழுதியது நிற்கும் என்று பிரதானிகள் நம்பினார்கள்.

வெல்லஸ்ஸவில் முதல் விரிசல் ஒரு நியமனத்தால் வந்தது. அங்கே இருந்த முஸ்லிம் மக்கள் அதுவரை கண்டிப் பிரதானியின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். அவர்களைப் பிரித்து எடுத்து, ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக்கினார்கள் வெள்ளைக்காரர்கள். நிர்வாகத்தில் இது ஒரு சின்ன மாற்றம். ஊர்க்கண்ணில் அது வேறு. யார் யாருக்குக் கீழ் என்ற அடுக்கை, ஊரைக் கேளாமல், பதுளையில் இருந்த ஒரு உத்தியோகத்தர் ஒரு தாளில் மாற்றிவிட்டார். 1817இல் கிளர்ச்சி வெடித்தபோது ஹாஜி முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனும் அந்தச் செப்டெம்பரில் அம்பு பட்டு இறந்தார்.

இந்தக் கிளர்ச்சியில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஊவாச் சிங்கள மக்கள் யாரைத் தங்கள் அரசனாக முன்னிறுத்தினார்கள்? வில்பாவே என்ற, முன்பு துறவியாக இருந்த ஒருவரை. ஆனால் அவர் வில்பாவே என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நாடு கடத்தப்பட்ட நாயக்க அரசனின் உறவினன், பெயர் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால்தான் வெல்லஸ்ஸவும் ஊவாவும் திரண்டன. அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, தன்னிடம் கொடுத்த ஆயுதங்களை வெள்ளைக்காரரிடமே திருப்பி அனுப்பிவிட்டு மக்களோடு சேர்ந்தார். மதுரைப் பக்கத்து வேர் கொண்ட ஒரு பெயர் அந்தச் சமூகத்துக்கு அந்நியமாகப் படவில்லை என்பதை இன்றைய சிங்களத் தேசியம் பேசுகிறவர்களும் அவ்வளவாகச் சொல்வதில்லை, நம்மவரும் சொல்வதில்லை. இரு தரப்புக்கும் அது வசதியாக இல்லை போலும்.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். துரைசாமி பொய் வேடம் என்று பிரதானிகளில் ஒருவரான மடுகல்லேயே கண்டுபிடித்துப் பிடித்துக் கட்டினார். கிளர்ச்சிக்காரர் எடுத்துச் சென்றிருந்த புனித தந்தம் 1818இல் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. தந்தம் யாரிடமோ ஆட்சி அவரிடம் என்பது கண்டி மக்களின் நம்பிக்கை. அது போனதும் மனம் விட்டுப் போயிற்று. நவம்பர் 26இல் கண்டியில் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள். அந்த மண்டையோட்டை ஒரு இராணுவ வைத்தியர் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது திரும்பி வந்தது. ஊவாவில் வீடுகளை எரித்தார்கள், நெல்லை எரித்தார்கள், மாடுகளை அழித்தார்கள், பலா மரங்களை வெட்டினார்கள். பலா என்பது அந்தக் கிராமத்துக்குப் பஞ்ச காலத்துச் சோறு.

ஆனால் என் கணக்கில் ஊவாக் கிராமத்தை உடைத்தது அந்த நெருப்பு மட்டும் இல்லை. நெருப்பில் எரிந்த ஊர் மறுபடி எழும்பும். 1818 நவம்பர் 21இல் ஒரு பிரகடனம் வந்தது. பிரதானிகள் இனி அரசாங்க ஏஜெண்டுக்குக் கீழ். வயல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி. விசுவாசமாக இருந்த கோறளைகளுக்குப் பதினான்கில் ஒன்று. அடுத்த எழுபது எண்பது வருடத்தில் இந்த வரி செய்த வேலையை வெடிமருந்து செய்யவில்லை.

ஒரு கண்டிக் கிராமத்து வயல் எப்படி இருந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு வயல் துண்டு, அதற்கு எட்டுப் பேர் பங்காளி. துண்டு துண்டாக வெட்டினால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் வெட்டமாட்டார்கள். இந்த வருடம் மூத்தவர் வீடு முழு வயலையும் விதைக்கும், அடுத்த வருடம் அடுத்தவர். இதைத் தட்டுமாறு என்பார்கள். கல்யாணம் இரண்டு விதம். பெண் புருஷன் வீட்டுக்குப் போனால் தீக. புருஷன் பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன. பின்னக் கல்யாணம் செய்த பெண்ணுக்குத் தகப்பன் நிலத்தில் உரிமை போகாது. மலைச்சரிவில் சேனை. பத்தனைப் புல்வெளியில் எருமை மேயும். இதற்கெல்லாம் உறுதி கிடையாது. யாருடையது என்பது ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அரசாங்கத்துக்கு ஊருக்குத் தெரிந்தது போதவில்லை. ஏட்டில் ஒரு பெயர் வேண்டும், ஒரு தொகை வேண்டும். 1878இன் தானிய வரிச் சட்டத்தோடு வயல் வயலாகக் கணக்கெடுத்து, வருடத்துக்கு இவ்வளவு காசு என்று தீர்த்தார்கள். முன்பு விளைந்தால் நெல்லில் பங்கு. விளையாவிட்டால் பங்கும் இல்லை. இப்போது மழை பொய்த்தாலும் காசு கட்ட வேண்டும். எட்டுப் பங்காளியில் யார் கட்டாவிட்டாலும் வரி வயலின் தலையில்.

காசுக்கு எங்கே போவது? கிராமத்தாருக்கு ஒரு வழி இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் காப்பிச் செடி. பெரிய தோட்டக் காப்பி வருவதற்கு முன்பே ஊர்க்காப்பி இருந்தது. பழத்தைப் பறித்துக் காயவைத்து வியாபாரியிடம் விற்றால் வரிக்காசு கையில். அந்த வழியை அடைத்தது ஒரு பூஞ்சணம். காப்பி இலையின் அடியில் மஞ்சள் துருவாகப் படரும் நோய். இலங்கையில் அது முதலில் கண்ணில் பட்ட இடம் நம் மடுல்சீமை, வருடம் 1869. பத்துப் பதினைந்து வருடத்தில் தீவின் காப்பியே படுத்துவிட்டது. துரைமார் படுத்தது புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. கிராமத்து வீட்டு முற்றத்தில் நின்ற இருபது செடி பட்டுப்போனதை யார் எழுதுவார்? 1880களில் ஊவாவிலும் வலப்பனையிலும் வரிப் பாக்கிக்காக வயல்கள் ஏலம் போயின. வலப்பனையில் பட்டினிச் சாவே நடந்தது என்று லெ மெசூரியர் என்ற வெள்ளைக்கார அதிகாரியே கிளப்பிய பிரச்சினை இங்கிலாந்து வரை போயிற்று. 1892இல்தான் அந்த வரி நீங்கியது. வயல் நீங்கியது நீங்கியதுதான்.

மேட்டு நிலத்தின் கதை இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பயிரிடாத காடும் தரிசும் முடிக்குரியது. கண்டி நாட்டில் சேனை நிலத்துக்கும் அரசன் கொடுத்த சன்னசோ வரி கட்டிய அத்தாட்சியோ காட்டாவிட்டால் அதுவும் முடிக்குரியது. சேனை ஒரு வருடம் வெட்டி எட்டுப் பத்து வருடம் காடாக விடுவது. காடாக இருக்கும் வருடத்தில் பார்க்கிறவனுக்கு அது தரிசுதான். ஆரம்பத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் உண்டு. இந்தப் பதுளையில் உதவி ஏஜெண்டாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்று பெயர் எடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று ஊர் இன்றும் சொல்லும். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் யானை சுட்ட காட்டைத்தான் பின்னால் காப்பிக்கு வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். பழைய ஊர் பொற்காலம் இல்லை. அச்செபே தன் மக்களை அப்படிக் காட்டவில்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிந்ததையும், ஓசு என்று ஒதுக்கப்பட்டவர்கள் மாதாகோயிலுக்குப் போனதையும் அவர் மறைக்கவில்லை. கண்டிக் கிராமத்திலும் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் இருந்தது, சாதிக்கு ஒரு ஊழியம் இருந்தது, ரொடியர் ஊருக்கு வெளியே இருந்தார்கள். இராஜகாரியத்தை 1830களில் எடுத்தபோது மூச்சு விட்டவர்கள் நிறைய. ஆனால் அதோடு வாய்க்கால் வெட்டும் ஊர்வேலையும் நின்றது. அணை உடைந்தால் கூப்பிட ஆளில்லை. ஊவாவில் பெய்லி என்ற உதவி ஏஜெண்ட் இதைப் பார்த்து எழுதினார். 1856இல் பழைய ஊர்ச்சபை வழக்கத்தையே ஒரு சட்டமாக எழுதி, தாங்கள் கலைத்ததைத் தாங்களே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கல்யாணத்திலும் இதே கதை. சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. அதை ஒழிக்கக் கேட்டு மனுப் போட்டவர்கள் கண்டிப் பிரதானிகளே. 1859இன் சட்டம் அதைத் தடுத்ததோடு நிற்காமல், பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றது. ஊரார் பதியப் போகவில்லை. ஒரே இரவில் ஊர் முழுக்கப் பிள்ளைகள் சட்டப்படி தகப்பன் இல்லாதவர்கள் ஆனார்கள். 1870இல் திருத்த வேண்டி வந்தது.

இனி மேலே ஏறுவோம், நம் பக்கம்.

காப்பிக் காலத்தில் நம்மவர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போகிறவர்கள். பழம் பறிக்கும் மாதங்களில் வருவார்கள், பெரும்பாலும் ஆண்கள், முடிந்தால் ஊருக்குத் திரும்புவார்கள். தேயிலை அப்படி விடாது. கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும். எட்டு நாளைக்கொரு முறை மலைக்குப் போக வேண்டும். பெண் கை வேண்டும். ஆகவே குடும்பமாகக் கொண்டுவந்தார்கள், லயம் கட்டினார்கள், குடும்பங்கள் இங்கேயே நிலைத்தன. 1890இல் லிப்டன் இங்கே தோட்டம் வாங்கினார். தம்பேதன்ன தொழிற்சாலை அந்தக் காலத்தது. ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கும் மறு வருடம் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. இப்போது கவனியுங்கள். கிராமத்தான் வரி கட்ட முடியாமல் வயலை இழந்ததும் காப்பி இலை நோயால். நம் குடும்பங்கள் இந்த மலையில் நிலைத்துப்போனதும் அதே நோயால். மடுல்சீமையில் ஒரு இலையின் அடியில் தொடங்கிய மஞ்சள் துரு, கீழே ஒரு சமூகத்தைப் பெயர்த்தது, மேலே ஒரு சமூகத்தை ஊன்றியது. கிராமத்தான் கண்ணுக்குத் துரு தெரியவில்லை. தன் சேனைக் காடு இருந்த இடத்தில் தமிழாள் நிற்பது தெரிந்தது.

தோட்டத்துக்குள் நம்மவரை ஆண்ட முறையையும் இக்போ நாட்டோடு வைத்துப் பார்க்கலாம். இக்போ ஊர்களில் பெரும்பாலானவற்றில் அரசன் கிடையாது. பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். வெள்ளைக்காரருக்கு அது பிடிபடவில்லை. ஒருவரைப் பிடித்துக் கையில் ஒரு நியமனப் பத்திரத்தைக் கொடுத்துத் தலைவராக்கினார்கள், தலையில் தொப்பியும் வைத்தார்கள். நம் கங்காணி அப்படிப்பட்ட ஒருவர். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆள் திரட்டுகிறவரும் அவர்தான், கடன் கொடுத்தவரும் அவர்தான், இங்கே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் போடுகிறவரும் அவர்தான். ஆளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு அவருக்கு. லயத்தைச் சாதிவாரியாகப் பிரித்ததும், கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று தீர்த்ததும், கல்யாணம் பேசியதும், வழக்குத் தீர்த்ததும் அவரே. ஊரின் பழைய அதிகாரம் அப்படியே கப்பல் ஏறி வந்ததாக நினைக்கக் கூடாது. ஊரில் அவருக்கு மேலேயும் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள், ஓடிப்போக அடுத்த ஊர் இருந்தது. இங்கே அவருக்கு மேலே துரை மட்டும்தான். ஓடிப்போக முடியாதபடி கையில் துண்டு. ஆளின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை அடைக்கிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். மனிதர்களைச் சீட்டுக்கு மாற்றிய இந்த முறை 1921இல்தான் ஒழிந்தது.

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தை இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அறிவீர்கள். தராசு முள்ளைப் பார்க்கும் அந்த நேரம். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் அன்றைய சோறு. கீழே கிராமத்தில் வயலுக்கு எதிரே ஒரு தொகை. மேலே ஆளுக்கு எதிரே ஒரு கோடு. இரண்டையும் எழுதியவர் வேறு, எழுதச் சொன்னவர் ஒருவரே.

இப்படி எண்ணி எழுதுவதை எதிர்த்தவர்களும் உண்டு. இக்போ நாட்டில் 1928இல் ஆண்களுக்கு வரி வந்தது. 1929 நவம்பரில் ஒலோக்கோ என்ற ஊரில், நியமனத் தலைவர் ஒக்குகோ அனுப்பிய ஆள் நுவான்யெருவா என்ற பெண்ணிடம் போய், உன் வீட்டில் ஆட்டை, ஆட்களைக் கணக்குச் சொல் என்றான். எண்ணுவது வரிக்குத்தான் என்று பெண்களுக்கு விளங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தலைவர்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடினார்கள், தொப்பியைக் கழற்றிக் கொடு என்று கேட்டு வாங்கினார்கள். படை சுட்டதில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஆனால் நியமனத் தலைவர் முறையும் அதோடு போயிற்று.

நமக்கும் அப்படி ஒரு பொழுது உண்டு, பதுளையிலேயே. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் முன் நின்றது. வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நடப்பேன் என்று துரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஆயுதத்தோடு வந்த பொலிஸ்காரரின் கையில் இருந்து ஆயுதத்தை வாங்கி வைத்ததும் அங்கேதான். பிறகு அடக்குமுறை வந்து எல்லாவற்றையும் அமுக்கியது. ஆனாலும், பெரியங்கங்காணிக்கு முன் தோள்துண்டை இடுப்பில் கட்டி நின்ற ஆட்களின் பிள்ளைகள், யாரும் நியமிக்காத ஒரு சபையை அமைத்தார்கள். கண்டி ஊர்ச்சபையைச் சட்டம் எழுதித் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு இந்தச் சபை பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

சுதந்திரம் வந்தது. தாள் விடவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் 3ஆம் இலக்கச் சட்டமும் நம்மிடம் கேட்டது தாளைத்தான். 1946 தொடங்குமுன் தனி ஆள் பத்து வருடம், குடும்பஸ்தர் ஏழு வருடம் இங்கே தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி. பிறப்புப் பதியாதவர்கள், கோயிலில் தாலி கட்டிக் கச்சேரியில் பதியாதவர்கள் எத்தனை பேர்! 1859இல் கீழே கிராமத்தாருக்கு நேர்ந்தது தொண்ணூறு வருடம் கழித்து மேலே நமக்கு நேர்ந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். கேட்காமல் பிரித்தார்கள்.

பிரசாவுரிமைச் சட்டங்கள் வந்த அதே வருடங்களில் கண்டி விவசாயிகளின் நிலையை ஆராய ஒரு ஆணைக்குழு 1949இல் அமைந்தது, 1951இல் அறிக்கை தந்தது. நிலமிழப்பு, தோட்டங்கள் கிராமத்தை நெருக்கியது எல்லாம் அதில் உண்டு. அதில் உள்ள வேதனை மெய்யானது; நான் அதை மறுக்கமாட்டேன். அந்த வேதனை அரசியலில் யார் மேல் திரும்பியது என்பதை 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த கலவரங்களில் பார்த்த ஆட்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். ஏலம் போட்டவர் கப்பல் ஏறிப் போய்விட்டார். வயலை இழந்த வீட்டுப் பேரனும், செக்ரோலில் கோடு வாங்கிய வீட்டுப் பேரனும்தான் பதுளை வீதியில் எதிரெதிரே நின்றார்கள்.

அச்செபேயின் நாவலில் மாவட்ட ஆணையர் தான் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி யோசிப்பார். நாம் முழு நாவலாகப் படித்த மனிதனுக்கு அவர் ஒதுக்குவது ஒரு பத்தி. நமக்கும் ஏஜெண்ட் ஹெர்பர்ட் வைட் எழுதிய ஊவா மாகாணக் கைநூல் 1893இல் வந்திருக்கிறது. பயனுள்ள புத்தகம். ஆனால் நமக்கு வேண்டியதில் பாதி அதில் இராது. நம் பக்கத்தில் தெளிவத்தை ஜோசப் பதுளைத் தோட்டத்தில் இருந்து எழுதினார். லயத்துக்குள் இருந்து எழுதுவது எப்படி என்பதற்கு அவரைப் படியுங்கள். லியோனார்ட் வுல்ஃப் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் பற்றி 1913இல் எழுதிய நாவலையும் சேர்த்துப் படியுங்கள். அச்செபேக்கு நாற்பத்தைந்து வருடம் முந்தியது, எழுதியவர் ஆட்சி செய்த பக்கத்தில் இருந்தவர்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டு முடிக்கிறேன். அரசாங்க ஏஜெண்டுகளின் நாட்குறிப்புகள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. பழைய செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவு என்று தோட்டக் காகிதங்களில் மிஞ்சியவை தோட்ட ஒப்பீசு அலுமாரிகளில் கறையான் பிடித்துக் கிடக்கும். அல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு கிராமத்தையும் அதற்கு நேர் மேலே இருக்கும் ஒரு தோட்டத்தையும் எடுத்துக்கொண்டு, 1870 முதல் 1900 வரை, வருடம் வருடமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வயல் எப்போது ஏலம் போனது, எந்த லயம் எப்போது கட்டப்பட்டது, கூலிக்கு ஆள் எந்த வருடம் கூடியது. கிராமத்துப் பெரியவர்களிடமும் போய்க் கேளுங்கள். விரட்டமாட்டார்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். தமிழும் சிங்களமும் இங்கிலீசும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளால் ஆகிற வேலை இது. பெரகலையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.